டிபன் கேரியரில் நாலு நாசில்

ஏனுங்க, எதிரே இருக்கிற டீசல் பம்ப் ரிப்பேர் கடைக்குத்தானே வந்திருக்கீங்க? டிராக்டர் பம்ப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கீங்களே, அதனால் கேட்டேன். உள்ளே கூட்டமாக இருக்கிறது. உங்கள் முறை வர நேரமாகும். ஒரு டீ குடிங்க. மாஸ்டர், இவருக்கும் ஒன்று போடுப்பா.

எனக்கும் அந்தக் கடையில்தான் ஒரு வேலை ஆக வேண்டும். ஆனால் நான் உள்ளே போக முடியாது. ஏன் என்று கேட்காதீங்க. சரி, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். ஒன்றும் சொல்லாமல் முன்பின் தெரியாத மனுஷனிடம் உதவி கேட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பீங்க?

உதவி பெரிதாக ஒன்றும் இல்லைங்க. இந்த டிபன் கேரியரை உங்கள் பம்ப்போடு சேர்த்து உள்ளே கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். சாப்பாடு இல்லை. நாலு அடுக்கு, நாலு நாசில். டீசலை இஞ்சினுக்குள் மூடுபனி மாதிரி தூவுமே, அந்த நாசில். அம்பாசிடர் வண்டியுடையது. டிராக்டருக்கு மூன்றுதானே என்று அவர் கேட்டால், "இது எங்க அண்ணன் காருது, என்னன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிடுங்க. என் பேர் நல்லசிவம். அந்தப் பேர் மட்டும் வாயில் வந்துவிடக் கூடாது.

கேரியரில் எதற்கு என்கிறீங்களா? பையில் தூக்கி வந்தால் டீசல் கசியும். பார்க்கிறவன் எல்லாம் "என்ன நல்லசிவண்ணா, கடைசியில மாப்பிள்ளை கடைக்கே நாசிலைத் தூக்கிட்டு வந்துட்டீங்களாக்கும்" என்பான். இந்தச் சங்ககிரியில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. கேரியர் என்றால், யாருக்கோ ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டு போகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். வரும்போது பஸ்ஸில் ஒரு அம்மா கேட்டே விட்டாள், "யாருக்கு உடம்பு சரியில்லைங்க" என்று. தலையை மட்டும் ஆட்டினேன். "சரியாயிரும், கவலைப்படாதீங்க" என்றாள்.

கடைக்காரர் அங்கமுத்து என் தங்கச்சி சரசுவைக் கட்டினவர். அதனால்தான் 'அவர்' என்கிறேன். மரியாதைக்காக இல்லை, முறைக்காக.

அவருக்கும் எனக்கும் ஆகாமல் போனது இந்தக் கடையைத் திறந்த அன்றைக்குத்தான். திறப்பு விழாப் பத்திரிகையில் என் பேரைப் போட்டிருந்தார்கள். எனக்குப் படிக்க வராதுங்க. என் வீட்டுக்காரி மயிலாத்தாதான் படித்துச் சொன்னாள், குத்துவிளக்கு ஏற்றுகிறவர் என்று என் பேர் இருக்கிறதென்று. நானும் வேட்டி சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டேன். அப்பா வாங்கி வைத்துவிட்டுப் போன டீசல் அம்பாசிடர். அன்றைக்கென்று கிளம்பவில்லை. தள்ளிப் பார்த்தோம். சாய்வில் விட்டுப் பார்த்தோம். சரசு போன்மேல் போன் பண்ணுகிறாள், "அண்ணா, பஸ் ஏறி வந்துரு, எல்லாரும் நிக்கிறாங்க" என்று. கடை திறக்கிற மச்சான் பஸ்ஸில் போய் இறங்குவானா? நீங்களே சொல்லுங்க.

வண்டி எப்படியோ கிளம்பி நான் போய்ச் சேர்ந்தபோது விளக்கு எரிகிறது. ஒரு பந்தி சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டிருக்கிறது. "ராகு காலம் வந்துருச்சுங்க மச்சான், அதான்" என்றார். ராகு காலம் எனக்குத் தெரியாதா? கொஞ்சம் பொறுக்கக் கூடாதா? வாசலில் இருந்தே திரும்பி நடந்தேன். அன்றையிலிருந்து அந்தப் படியில் நான் கால் வைத்ததில்லை. பிற்பாடு சரசு வந்து அழுதாள். விளக்கில் ஒரு முகத்தை ஏற்றாமல் எனக்காக விட்டு வைத்திருந்தார்களாம். இவர் சாயங்காலம் வரைக்கும் அதை யாரையும் ஏற்ற விடவில்லையாம். ஒரே ஒரு திரி. மிச்சத்துக்கு நான் போக வேண்டுமாக்கும்.

அது பழைய கதை. அதை விடுங்க. இப்போது வந்ததுதான் என்னை இந்த டீக்கடையில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

சரசுவின் பெண் தாரணிக்குக் கல்யாணம். வருகிற ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு வெள்ளி. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டினால்தான் பெண்ணை மணவறைக்குக் கூட்டிப் போவார்கள். பட்டம் கட்ட மாமன் நான் ஒருத்தன்தான். வேறு ஆள் இல்லை.

இடம் முடிவானதும் எனக்கு ஒரு ஆசை வந்தது. அந்த அம்பாசிடர் அவ்வளவு நாளாகக் களத்தில் கோழி அடைகிற கூடாக நின்றிருந்தது. அதைச் சரிபண்ணி அதிலேயே மாமன் சீரைக் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று. கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை சொல்லியும் இருக்கிறார், "மச்சான், அந்த வண்டியை எடைக்குப் போட்டுட்டு ஒரு நல்ல வண்டியா எடுத்துக்கலாம், நான் பார்த்துத் தர்றேன்" என்று. எங்கப்பன் வண்டி இவருக்கு எடைக்குப் போகிற இரும்பு. அதனால் அவரிடம் கேட்கவில்லை. தரை ஓட்டையை எல்லாம் தகரம் வைத்து அடைத்தேன். பெயின்ட் அடித்தேன், பால் வெள்ளை. சீட் தைத்தேன். இஞ்சினும் ஓடியது. புகை வந்தது, ஆனால் ஓடியது. பழைய டீசல் வண்டி புகையாமல் வேறு எது புகையும்?

நிச்சயதார்த்தத்துக்கு அதில்தான் போனேன். இவர் வீட்டு வாசலில் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் காங்கேயத்துக்காரர்கள், எல்லாரும் வெள்ளை வேட்டியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் பந்தல் ஓரமாக வண்டியை ஒடித்துத் திருப்பி, நிறுத்துகிறபோது ஒரு மிதி மிதித்தேன். வந்தேன் என்று தெரிய வேண்டாமா?

பந்தல் முழுக்கப் புகை. கறுப்பாக. எதிரில் இருக்கிற ஆள் முகம் தெரியவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா இருமி இருமி, "என்னுங்க, பந்தலுக்குக் கொசு மருந்து அடிக்கிறீங்களா" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் கதவைத் திறந்து இறங்க முடியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புகை தெளிந்தால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் அல்லவா. தெளியாமலே இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

அப்போது இவர் வந்தார். பானட் மேல் கையை வைத்தார். "நாசில் சொட்டுதுங்க மச்சான். நாளைக்குக் கடைக்கு விடுங்க, நானே பார்த்துத் தர்றேன்" என்றார்.

சபையில் மாமன் என்று நிற்க வேண்டியவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? எத்தனை பேர் முன்னால்? மெதுவாகத்தான் சொன்னார், காதோடுதான் சொன்னார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவனுக்குக் கேட்டிருக்கும். நானும் விடவில்லை. இறங்கி நின்று சத்தமாகவே சொன்னேன். "மாப்பிள்ளை, உங்க கை படாமலே இந்த வண்டி கல்யாணத்துக்கு வரும். மாமன் சீர் இதுலதான் வரும். வண்டி வரலைன்னா நானும் வரலைன்னு வெச்சுக்குங்க."

ஆமாங்க, சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. சரசு வாயைப் பொத்திக்கொண்டாள். தாரணி உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இவர் போய் டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து பந்தல் பக்கம் திருப்பி வைத்தார். என் புகையை விரட்டுகிறாராம்.

அப்புறம் நாசிலை நானே கழற்றினேன். செல்போனில் ஒருத்தன் செய்து காட்டுகிறான். பார்த்தால் ஒன்றுமே இல்லாத வேலை. கழற்று, திற, உள்ளே ஒரு ஊசி இருக்கும், அதைச் சுத்தம் பண்ணு, மாட்டு. கழற்றினால் ஊசி எல்லாம் கரி பிடித்துப்போய் இருந்தது. அன்றைக்கு மயிலாத்தா சீருக்குப் பித்தளைக் குடமும் விளக்கும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து நாலு ஊசியையும் அதே புளிக்கரைசலில் போட்டேன்.

"ஏனுங்க, இரும்பைப் போய் யாராச்சும் புளியில போடுவாங்களா" என்றாள்.

"நீ உன் குடத்தைத் தேய்" என்றேன்.

ராவினேன். உப்புத்தாள் கொஞ்சம் இருந்தது, அதை வைத்தும் ராவினேன். சொன்னால் நம்பமாட்டீங்க, கண்ணாடி மாதிரி மின்னியது. எந்த ஊசி எந்த நாசிலில் இருந்தது என்று அப்போது யார் பார்த்தார்கள்? நாலும் ஒரே மாதிரிதான் இருந்தது. சிரிக்காதீங்க. அந்தச் செல்போன்காரன் சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னானோ என்னவோ, அவன் இந்தியில் பேசினான்.

மாட்டிவிட்டுச் செல்ஃப் அடித்தேன். சுற்றுகிறது, பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். கடைசியில் ஒரு வெடி வெடித்தது. உரலில் கல்லைப் போட்டு இடிக்கிற மாதிரி நாலைந்து இடி. வெள்ளையாகப் புகை. நின்றுவிட்டது. அதோடு சரி. நல்லதோ கெட்டதோ, முன்னால் புகைந்துகொண்டாவது ஓடியது. என் கை பட்ட பிறகு அதுவும் இல்லை.

சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உதிரி பாகம் விற்கிறவன் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான். ஒவ்வொரு ஊசியும் அதன் கூட்டோடு சேர்த்துத் தேய்த்துப் பொருத்தினதாம். ஒன்றின் ஊசி இன்னொன்றுக்குச் சேராதாம். "யாருங்க இதை இப்படிப் பண்ணினது" என்று கேட்டான். ஒரு மெக்கானிக் பண்ணிவிட்டான் என்றேன். "அவன் கையில இனி எதையும் குடுக்காதீங்க" என்றான். சரி என்றேன். வேறென்ன சொல்ல? அப்புறம் அவனே சொல்கிறான், "இந்தப் பழைய மாடலைப் பார்க்க சங்ககிரியில அங்கமுத்துன்னு ஒருத்தர் இருக்கிறார், அவர்கிட்டப் போங்க" என்று. எங்கே போனாலும் அந்த ஆள் பேர்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லைங்க. போன வாரம் தாரணி வந்தது. பத்திரிகையும் தட்டும் எடுத்துக்கொண்டு தனியாக வந்தது. "மாமா, வண்டி ஓடினா ஓடட்டும், ஓடாட்டிப் போகட்டும். நீங்க வந்து பட்டம் கட்டாம நான் எந்திரிக்க மாட்டேன்" என்றது. நான் குனிந்து இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். தலையை எடுக்காமலே, "உங்கப்பன் சொல்லி அனுப்பினானா" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தபோது அது செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது. மயிலாத்தா போட்டு வைத்த காப்பி அப்படியே ஆடை கட்டிக்கொண்டு இருந்தது. அன்றையிலிருந்து மயிலாத்தா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சாப்பாடு போடுகிறாள். உப்பு இருக்கிறதா என்று கேட்பதில்லை.

அதனால்தான் கேட்கிறேன். நாளை சாயங்காலத்துக்குள் இந்த நாலும் வேலை செய்தால் வண்டி கிளம்பும். வண்டி கிளம்பினால் நான் போகலாம். வண்டி இல்லாமல் எந்த முகத்தோடு போவேன்? சபையில் சொன்ன சொல் இருக்கிறதே.

உங்களைக் கூப்பிடுகிறார்கள் பாருங்க. போங்க. கேரியரைச் சாய்க்காதீங்க, கீழ் அடுக்கில் டீசல் நிற்கிறது. 'அண்ணன் கார்.' அவ்வளவுதான். நான் இங்கே தூணுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன்.

*

வந்துவிட்டீங்களா. உட்காருங்க. என்ன சொன்னார்? ஏன் இப்படிப் பார்க்கிறீங்க? வாங்கிக்கொண்டார் இல்லையா?

மூடியைத் திருப்பிப் பார்த்தாரா? மூடியில் என்ன இருக்கிறது?

பேரா? என்ன பேர்?

'அங்கமுத்து சரஸ்வதி' என்றா வெட்டியிருக்கிறது?

அது கீறல் என்று நினைத்திருந்தேனுங்க. இத்தனை வருஷமாகக் கீறல் என்றுதான் நினைத்திருந்தேன். நாங்கள் வீடு கட்டிக் குடி போனபோது அவர்கள் வைத்த பாத்திரம். மொய் வைக்கிறவர்கள் பேர் வெட்டித்தான் கொடுப்பார்கள், எனக்குத் தெரியாதா என்ன. யோசிக்கவில்லை. அலமாரியில் அதுதான் கைக்கு வந்தது. மயிலாத்தா நான் எடுக்கும்போது பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்க.

சரி. தெரிந்துவிட்டது. என் பேரைச் சொல்லி ஏதாவது கேட்டாரா?

கேட்கவில்லையா? அப்புறம் என்னதான் கேட்டார்?

"உங்க அண்ணனுக்குப் புளியமரம் இருக்குதுங்களா" என்று கேட்டாரா. நீங்கள் என்ன சொன்னீங்க? தெரியலைங்க என்றீங்களா. நல்லது. அதற்கு மேல் நீங்கள்தான் என்ன சொல்ல முடியும்.

அப்போது சிரித்தாரா?

இல்லையா. ம்.

நாலும் ஆகாதாமா? ஒன்றுகூடத் தேறாதா? மெஷினில் மாட்டி அடித்துப் பார்த்தாரா? சொட்டுச் சொட்டாக விழுந்ததா. ஒன்று அப்படியே மாட்டிக்கொண்டு நின்றுவிட்டதா. புதிது எங்கே கிடைக்குமாம்? சென்னையில் சொல்லி வைத்து வரவழைக்க வேண்டுமா? அடுத்த வாரம் ஆகும் என்றாரா? ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகாதா? ஆகாது. சரிங்க. ஆகாது என்றால் ஆகாது. அந்த விஷயத்தில் அவர் பொய் சொல்ல மாட்டார், அது எனக்கே தெரியும்.

இன்னும் ஏதோ சொன்னார் என்றீங்களே. சொல்லுங்க. அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க.

"உங்க அண்ணன் ஏதாச்சும் விசேஷத்துக்காக அவசரப்படுறார்னா, வண்டியை நம்பிக்கிட்டு இருக்க வேண்டாம்னு சொல்லுங்க. பஸ்ஸுல போகச் சொல்லுங்க. விசேஷ வீட்டுக்காரங்க ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்புவாங்க. வண்டியை யாரும் கேக்க மாட்டாங்க." இப்படியா சொன்னார்? உங்களைப் பார்த்தா, இல்லை ரோட்டைப் பார்த்தா? உங்களைப் பார்த்துத்தான். நான் இங்கேதான் எங்காவது உட்கார்ந்திருப்பேன் என்று தெரிந்தும், இந்தப் பக்கம் திரும்பாமல், உங்களைப் பார்த்தே சொன்னார்.

அப்போதாவது சிரித்தாரா? நன்றாக யோசித்துச் சொல்லுங்க. கடை ஆட்கள் யாராவது? ஒருத்தனுமா இல்லை?

அதுதாங்க பிரச்சனை. சிரித்திருந்தால் எனக்கு வசதியாகப் போயிருக்கும். "பார்த்தீங்களா அந்த ஆளின் புத்தியை" என்று உங்களிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பேன். ஊர்க்காரன் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் இருந்திருக்கும். இந்த மனுஷன் அதற்கும் வழி இல்லாமல் பண்ணிவிட்டார். உங்கள் அண்ணன் என்றே வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். பேருக்குக்கூட என்னை இழுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உங்கள் பம்ப்பைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். எனக்குக் காதெல்லாம் எரிகிறதுங்க. பந்தலில் அத்தனை பேர் சிரித்தபோதுகூட இப்படி எரியவில்லை.

கேரியர் எங்கே? அங்கேயே வைத்துக்கொண்டாரா? "டீசல் போகக் கழுவிக் குடுக்கச் சொல்றேன், இருங்க" என்றாரா?

நான் போய்த்தான் வாங்க வேண்டும். இல்லைங்க, நீங்கள் போனால் சரியாக இருக்காது. அது என் வீட்டுப் பாத்திரம். நான் சும்மா அதை வாங்கத்தான் போகிறேன். மயிலாத்தா கேட்பாள்.

போனால் ஏதாவது பேச வேண்டுமே. என்ன பேசுவது? "மாப்பிள்ளை, வண்டி வராது, நான் வர்றேன்." இவ்வளவுதானே. பெரிய பேச்சா இது? வண்டி வராது, நான் வர்றேன். நீங்களாக இருந்தால் வேறு எப்படிச் சொல்வீங்க? தாரணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அது அன்றைக்குக் காப்பி குடிக்காமல் போனதை வீட்டில் சொன்னதா என்று கேட்க வேண்டும். கேட்க முடியுமா என்று தெரியவில்லை.

நீங்கள் முன்னால் போங்க. நான் பின்னாலேயே வருகிறேன். யாராவது கேட்டால் உங்களோடு வந்த ஆள் என்று சொல்லிக்கலாம். இல்லை, வேண்டாம். ஏற்கனவே ஒரு பொய் சொல்ல வைத்துவிட்டேன். ரோட்டைப் பார்த்து வாங்க, லாரி வருகிறது.

ஒரு நிமிஷம் நில்லுங்க. வாசலில் இத்தனை செருப்புக் கிடக்கிறதே. கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமா? அந்த மெஷினுக்குத் தூசி ஆகாதா? நீங்கள் கழற்றினீங்களா?

இல்லைங்க, தெரியாமல்தான் கேட்கிறேன். நான் உள்ளே போனதில்லை.